குறுக்கே வைத்த இரண்டு விரல்

சீனாவில் கெச்சியாவுக்கு வந்து மூன்றாவது வாரம். துணிச்சந்தையில் ஒரு சின்னக் கடை. ஜார்ஜெட் மாதிரி ஒரு பாலியெஸ்டர் துணி; கைக்குள் கசக்கிப் பிடித்தால் அடங்கியது, விட்டால் சுருக்கமில்லாமல் விரிந்தது. ஈரோட்டில் எங்கள் முதலாளி இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். "தோ ஷாவ் ச்சியென்?" என்று கேட்டேன். எவ்வளவு என்று கேட்பதற்கு மட்டும் அப்போது வாய் பழகியிருந்தது.

கடைக்கார அம்மா "ஸி குவாய்" என்றார். ஸி என்றால் நான்கு. குவாய் என்றால் பேச்சுவழக்கில் யுவான். மீட்டர் நான்கு யுவானா? நம்ப முடியாமல் நான்கு விரலைக் காட்டினேன். அவர் வேகமாகத் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே வைத்துக் காட்டினார்.

இல்லை, கிடையாது, நடக்காது. எனக்குத் தெரிந்த வரையில் அந்தச் சைகைக்கு வேறு பொருள் இல்லை. சரக்கு தீர்ந்துவிட்டது போல என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னாலிருந்து அவர் என்னவோ கூப்பிட்டுச் சொன்னதும் காதில் விழுந்தது. விழுந்தும் திரும்பவில்லை. அன்று பகல் முழுவதும் அதே துணியைத் தேடி இன்னும் முப்பது கடையாவது ஏறி இறங்கியிருப்பேன்.

கெச்சியாவ் என்பது செஜியாங் மாகாணத்தில் ஷாவ்சிங் நகரத்தைச் சேர்ந்த பகுதி. துணி வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சீனாவின் மிகப் பெரிய துணிச்சந்தை அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டு வியாபாரிகளும் ஏராளமாகக் குடியிருக்கிறார்கள். அங்கே நான் வாரத்தில் இரண்டு மாலை ஒரு ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் சீனம் படித்துவந்தேன். லாவ்ஷி என்றுதான் கூப்பிடுவேன். ஆசிரியருக்கு அங்கே அதுதான் விளி. அன்று மாலை நடந்ததை, தெரிந்த சொற்களையும் கையையும் வைத்து அவரிடம் சொன்னேன். குறுக்கே வைத்த விரலையும் செய்து காட்டினேன். அவர் சொன்னது: "அந்தம்மா உனக்குப் பிஹுவா செய்திருக்கிறார்."

பிஹுவா எனக்குத் தெரிந்த சொல். முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்திருந்தார். சீன எழுத்தில் ஒவ்வொரு கோடும் ஒரு பிஹுவா. இந்த எழுத்துக்கு எத்தனை பிஹுவா, எது முதலில், எது பிறகு என்றுதான் எங்கள் பாடம் தொடங்கும். அதனால், கோடு போட்டாரா என்று குழம்பி, "எத்தனை கோடு?" என்று கேட்டேன்.

அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். நான் சொல்லை மாற்றிப் புரிந்துகொண்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. திருத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் நோட்டை இழுத்து இடமிருந்து வலமாக ஒரு படுக்கைக் கோடு போட்டு "ஹெங்" என்றார். அதன் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து "ஷூ" என்றார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் அந்தக் கோடுகளுக்கு மேலே அப்படியே குறுக்கே வைத்தார். "இரண்டு கோடு. ஷி. பத்து."

ஷி என்றால் பத்து, ஸி என்றால் நான்கு. பாடப்புத்தகச் சீனத்தில் இரண்டுக்கும் மெய்யொலியே வேறு. ஷாவ்சிங் மக்கள் வீட்டில் பேசுவது வூ மொழி. பொதுச் சீனம் பேசும்போது அவர்களில் பலர் நாக்கில் 'ஷ' வராது, 'ஸ' ஆகிவிடும். அப்புறம் நான்குக்கும் பத்துக்கும் இடையில் மிச்சமிருப்பது தொனி மட்டும்தான். நான்கு மேலிருந்து கீழே விழும், பத்து கீழிருந்து மேலே ஏறும். சந்தை இரைச்சலில், மூன்று வாரமே பழகிய காதுக்கு அது எப்படிப் பிடிபடும்? அந்தம்மாவுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் என் நான்கு விரலைப் பார்த்ததும் வாயை விட்டுவிட்டு எழுத்துக்குப் போனார். காற்றில் 'பத்து' என்று எழுதி என் கண்முன்னால் பிடித்துக் காட்டினார். எனக்குத்தான் அது எழுத்து என்று தெரியவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். துணி இருந்தது. மீட்டர் ஒன்பதரைக்குப் பேசி முடித்தோம்.

அந்த வார வகுப்புகள் இரண்டும் இந்தச் சொல்லிலேயே போயின. சைகை செய்வதற்கான பிஹுவாவும் எழுத்தின் கோட்டைக் குறிக்கும் பிஹுவாவும் எழுதும்போது வேறு வேறு. கோட்டைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்து தூரிகை. இரண்டாவது எழுத்து மேலிருந்து விழும் தொனியில் அழுத்தமாக வரும். சைகையைக் குறிப்பதில் முதல் எழுத்துக்கு ஒப்பிடுவது என்று பொருள். இரண்டாவது எழுத்து தொனியே இல்லாமல் மெல்லத் தேய்ந்து முடியும். அந்த இரண்டாவது எழுத்தை வரைதல் என்று பொருள்படும் எழுத்தாலும் எழுதுவதுண்டு. ஆக சைகை என்பது ஒப்பிட்டு வரைவது. இன்ன உயரம், இவ்வளவு அகலம், இப்படி வளைந்திருக்கும் என்று கையாலேயே அளவு பிடித்துக் காட்டுவது. கடைக்குப் போய் ஒரு பொருளின் பெயர் தெரியாமல் நாம் காற்றில் வடிவம் போட்டுக் காட்டுவோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

உச்சரிப்பில் தமிழனுக்கு ஒரு வசதி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ரோமன் எழுத்தில் இந்தச் சொல்லைப் 'பஸ்' என்பதன் பகரத்துக்குரிய எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பலரும் தொண்டையை அதிரவைத்துச் சொல்வார்கள். உண்மையில் அது நம் 'பல்', 'பழம்' என்பதில் வரும் ப. அதிர்வும் கிடையாது, மூச்சும் கிடையாது. லாவ்ஷி முதலில் பாராட்டியது இந்த ஒலியைத்தான். மூச்சோடு வரும் இன்னொரு ப அவர்களிடம் உண்டு. அதற்குத்தான் நான் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊதிப் பழக வேண்டியிருந்தது.

பாடப்புத்தகத்தில் கைச்சைகைக்கு இருக்கும் சொல் பிஹுவா அல்ல, ஷோ-ஷி. ஷோ என்றால் கை. அடுத்த எழுத்தில்தான் நான் பல நாள் நின்றுவிட்டேன். கோடுகளை எண்ணினால் எட்டு. அடிப்பாகத்தில் வலிமை என்னும் எழுத்து உட்கார்ந்திருக்கும். தனியாக அதற்குப் பொருள் சொல்வது கடினம். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும்போது இந்த எழுத்து வரும், நாட்டு நிலைமையைச் சொல்லும்போது வரும், உடல் நிற்கும் நிலைக்கும் வரும், ஒருவருடைய கை ஓங்கியிருக்கிறது என்று நாம் சொல்வோமே, அதற்கும் வரும். சுன் சூவின் போர்க்கலை நூலில் ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பே இந்த எழுத்துதான். உயர்ந்த மலையிலிருந்து உருட்டிவிட்ட உருண்டைக் கற்களை உவமையாகச் சொல்லி அந்த அத்தியாயம் முடிகிறது. கல் கனமானது என்பதல்ல அங்கே செய்தி. அது இருக்கும் இடமும் சரிவும் அதற்குக் கொடுக்கும் பாய்ச்சல். கையோடு சேர்த்தால் கையின் பாய்ச்சல். விரல் எங்கே நிற்கிறது என்பதோடு எதை நோக்கிப் போகிறது என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. நம் சைகை, சாடை எதிலும் இந்த அசைவு கிடையாது. நமக்குச் சாடையில் கண்ணுக்குத்தான் முதலிடம்.

சந்தையில் யாரும் ஷோ-ஷி என்று பேசிக் கேட்டதில்லை. அங்கே எல்லாம் பிஹுவாதான். இரண்டு பேர் மோதிப் பார்க்கலாமா என்று சவால் விடுவதற்கும் அதே சொல்: "வா, பிஹுவா பிஹுவா." கையைக் காலை ஆட்டி அடுத்தவர் வேலையில் நாட்டாமை செய்பவரைப் பற்றி ஒரு நாலெழுத்துத் தொடர் இருக்கிறது: கையால் சுட்டிக் காலால் வரைகிறான். அங்கேயும் வரைதல் வந்துவிடுகிறது.

ஒன்று முதல் ஐந்து வரை விரல் காட்டுவதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசமில்லை. ஆறிலிருந்துதான் ஒற்றைக் கையிலேயே வேறு கணக்கு. கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டியிருந்தால் ஆறு. நம் ஊரில் அது போன் பண்ணு என்றாகும். கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணி போடலாமா என்றாகிவிடும். கட்டை, ஆள்காட்டி, நடு விரல் மூன்றின் நுனியும் சேர்ந்தால் ஏழு. கட்டையும் ஆள்காட்டியும் விரிந்தால் எட்டு. அந்த இரண்டையும் கீழ்நோக்கிப் பிடியுங்கள், சீனத்தில் எட்டு என்று எழுதும் இரண்டு சரிவுக் கோடும் அப்படியே இருக்கும். ஆள்காட்டியைக் கொக்கியாக மடக்கினால் ஒன்பது. பத்துக்குக் குறுக்கு விரல், அல்லது மூடிய முட்டி. தைவான்காரர்கள் கட்டையும் ஆள்காட்டியும் விரித்தால் அது ஏழு. அங்கிருந்து வரும் வியாபாரிகளிடம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் வெளிநாட்டுக்காரரைக் கண்டதும் கடைக்காரர்கள் கால்குலேட்டரைத் தட்டி நீட்டிவிடுகிறார்கள். நான் விரலில் கேட்டால் சட்டென்று அவர்கள் முகம் மாறும். கால்குலேட்டர் மேசைக்குப் போகும், விலையும் பாதி நேரம் கொஞ்சம் இறங்கும்.

விரலில் பேரம் எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் எங்கள் அப்பாரு வியாழக்கிழமைகளில் கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குக் கூட்டிப்போவார். தரகர் தோள் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போடுவார். துண்டுக்குள் விரலைப் பிடித்தால் விலை; சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "என்ன அப்பாரு, ஒண்ணுமே பேசல?" என்று கேட்டால், "பேசியாச்சு கண்ணு" என்பார். வடசீனத்துக் கால்நடைச் சந்தைகளிலும் இதே பழக்கம் உண்டு என்று லாவ்ஷி சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அங்கே அகலமான சட்டைக் கைக்குள் கையை விட்டு, விரலைத் தொட்டே விலை பேசுவார்கள். அது மறைப்பதற்கான விரல். தொட்டால்தான் தெரியும். கெச்சியாவில் நான் பார்த்தது தூக்கிப் பிடித்த விரல். படிக்கத் தெரிந்த யாரும் படித்துக்கொள்ளலாம்.

படிப்பது என்று உவமைக்குச் சொல்லவில்லை. சீனத்தில் ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டு. எழுத்து தெரியாமல் சொல் முழுமையாவதில்லை. சாங் என்று ஒருவர் பெயர் சொன்னால், வில்லும் நீளமும் சேர்ந்த சாங்கா, நிற்பதும் விடியலும் சேர்ந்த சாங்கா என்று கேட்பார்கள். சொல்லத் தெரியாதவர் இடது உள்ளங்கையை விரித்து வலது விரலால் எழுதிக் காட்டுவார். மையில்லை, தடமில்லை, எதிராளி தலையாட்டிவிடுவார். சாயப்பட்டறை இரைச்சலில் இரண்டு பேர் இப்படி உள்ளங்கையில் எழுதிக்கொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விரல் ஓடிய வேகத்துக்கு எனக்கு ஒரு கோடு கூடப் பிடிபடவில்லை.

ஷாவ்சிங்கில் பிறந்தவர் எழுத்தாளர் லூ சுன். 1919இல் வெளியான அவருடைய சிறுகதை ஒன்றில் கோங் யீச்சி என்கிற பாத்திரம் வருகிறது. படிப்பு இருந்தும் தேர்வில் தேறாமல் ஏழையாகிப்போன மனிதர். சாராயக் கடையில் வேலை செய்யும் பையனிடம், பெருஞ்சீரகம் போட்ட அவரையில் வரும் ஒரு எழுத்தை எப்படி எழுதுவது என்று கேட்பார். அந்த எழுத்தின் அடிப்பாகத்தை நான்கு விதமாக எழுதலாம், உனக்குத் தெரியுமா என்பார். பையனுக்கு அதில் அக்கறையில்லை, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான். அவரோ விரல் நகத்தைச் சாராயத்தில் தொட்டுப் பலகைமேல் எழுதத் தயாராகியிருப்பார். சீனம் படிக்கத் தொடங்கும் முன்பே இந்தக் கதையைப் படித்திருக்கிறேன். அப்போது அந்த நகம் கண்ணில் படவே இல்லை. கெச்சியாவில் இருந்துகொண்டு மறுபடி படித்தபோது அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. அந்த மனிதருக்குக் கொடுப்பதற்கு இருந்தது அந்த எழுத்து ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

காற்றில் எழுதுவதற்கு ஷூ-கோங் என்று தனியே ஒரு சொல் உண்டு: வெறுமையில் எழுதுதல். பழைய சொல். நான்காம் நூற்றாண்டில் யின் ஹாவ் என்ற தளபதி போரில் தோற்றுப் பதவி பறிபோய் ஒதுக்கப்பட்டார். ஒருவரிடமும் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க விரலால் காற்றில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் முன்பு வேலை பார்த்தவர்கள் மறைவாக நின்று விரலின் போக்கைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தார்களாம். திரும்பத் திரும்ப நான்கே எழுத்து: "அடடா, என்ன விந்தை!" அதே சொல்தான் இன்றைக்கு ஒன்றாம் வகுப்புப் பாடமுறைக்கும் பெயர். லாவ்ஷியின் பேத்தி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வலது ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேரே தூக்கி, ஹெங், ஷூ, பியே, நா என்று ஒவ்வொரு கோட்டின் பெயரையும் உரக்கச் சொல்லிக்கொண்டே காற்றில் எழுதுவாள். பென்சில் பிடிப்பதற்கு முன்னால் எழுத்து தோளில் இறங்கியாக வேண்டும் என்பார் லாவ்ஷி. நான் மணலில் அரிசியில் எழுதிப் பழகிய தலைமுறை இல்லை என்றாலும், ஆத்தா என் விரலைப் பிடித்து அகரம் சுழித்தது நினைவுக்கு வந்தது. வெட்கப்படாமல் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் விரலைத் தூக்கினேன்.

ஒரு முறை சொல்லைத் தவறான இடத்தில் வைத்தேன். துணி மடிக்கும் பிரிவில் காது கேளாத ஒரு தொழிலாளி இருந்தார். அவரைப் பற்றிப் பேசும்போது "எவ்வளவு அழகாகப் பிஹுவா செய்கிறார்" என்றேன். லாவ்ஷி உடனே நிறுத்தினார். "அது பிஹுவா இல்லை. ஷோ-யூ. கைமொழி. அது மொழி." அன்றைக்குத்தான் அவர் குரலில் கண்டிப்பைக் கேட்டேன். பெயர் தெரியாமல் தட்டுத்தடுமாறிக் கையால் தேடுவது பிஹுவா. அந்தத் தொழிலாளி எதையும் தேடவில்லை, இலக்கணத்தோடு பேசுகிறார். அந்தக் கைமொழிக்கு நாடு முழுவதற்குமான பொதுச் சொற்பட்டியல் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அவரைக் கவனித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஆள் என்று சொல்ல இரண்டு ஆள்காட்டி விரல்களின் நுனியையும் கூரை மாதிரிச் சேர்க்கிறார். சீனத்தில் மனிதன் என்ற எழுத்தும் அதே கூரைதான். அவர் மொழிக்குள்ளும் எழுத்து வந்து தங்கியிருக்கிறது. குறுக்கே வைத்த விரலை எழுத்தென்று அறியாமல் போனவன் நான். இதை லாவ்ஷி சொல்லாமலே கண்டுகொண்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சென்ற ஜூனில் ஊருக்குக் கிளம்பினேன். அங்கே அது பிளம் மழைக்காலம். பிளம் பழுக்கும் நேரத்தில் வாரக்கணக்கில் விடாமல் தூறும். சுவரெல்லாம் ஈரம் பூக்கும். கடைசி வகுப்பை முடித்துவிட்டு லாவ்ஷி ஷாவ்சிங் வடக்கு ரயில் நிலையம் வரை வந்தார். பயணச்சீட்டு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். சோதனை முடிந்து நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். கையாட்டினேன். அவர் கையாட்டாமல் என்னவோ சொன்னார். கண்ணாடி தடிமன், எனக்குக் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டினேன்.

குடை விரிப்பதுபோல் கையை வைத்துக் காட்டியிருக்கலாம். அவர் பள்ளி ஆசிரியை. விரலைத் தூக்கி எழுதினார். நான் எதிர்ப்பக்கம் நின்றதால் அவருக்கு இடப்பக்கம் சரிந்த கோடு எனக்கு வலப்பக்கம் சரிந்தது. உருவத்தைப் பார்க்காதே, விரலின் போக்கைப் பிடி என்று பேத்தியிடம் அவர் சொல்வது ஞாபகம் வர, கூடவே என் விரலும் தொடையோரம் எழுதத் தொடங்கியது. பியே, நா: கூரை. அதனடியில் இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. பிறகு ஹெங். பிறகு, மேலிருந்து கீழே நீளமாக, ஷூ. கடைசி இரண்டு கோடும் முதல் முதலாக அவர் என் நோட்டில் போட்டுக் காட்டிய அதே இரண்டு கோடுகள்.

சான். குடை.

அவர் வீட்டு வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், தண்ணீர் வடியட்டும் என்று நான் சாய்த்து வைத்தது அங்கேயே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து உள்ளங்கையை விரித்து, 'நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்பதில் எனக்கு எழுதத் தெரிந்த ஒரே எழுத்தை எழுதிக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் விரலைப் பார்த்தார். பார்த்து முடித்துத் தலையாட்டினார்.